ஃபாரெக்ஸ் ஆப்பில் பணம் போட்டவர்களுக்கும், போடப் போகிறவர்களுக்கும்: எதைப் பார்ப்பது, யாரிடம் போவது, என்ன தாள் வேண்டும்

டெலிகிராம் குழுவில் யாரோ ‘டாலரில் தினமும் ஒரு சதவீதம்’ என்று சொல்லி, ஒரு ஃபாரெக்ஸ் (அந்நியச் செலாவணி வர்த்தக) ஆப்பை இறக்கச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு. ஏற்கெனவே பணம் போட்டுவிட்டு, எடுக்க முடியாமல் தவிக்கிறீர்கள் என்றால் நேராக 5-ஆம் படிக்குப் போய்விடுங்கள். மேலே உள்ளதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

என் சித்தப்பாவின் ஓய்வுக்காலப் பணம் இப்படித்தான் போனது. வங்கி, காவல் நிலையம், நீதிமன்றம் என்று அவர் கூடவே நானும் அலைந்தேன். எந்த மேசையில் என்ன தாள் கேட்பார்கள் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன். இதில் சொல்வது இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு.

ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பணம் யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது? மோசடியை அடையாளம் காண்பதும் அதை வைத்துத்தான், பணத்தைத் தேடிப் பிடிப்பதும் அதை வைத்துத்தான்.

1. எது அனுமதி, எது இல்லை: இரண்டு நிமிடத்தில்

இந்தியாவில் வசிப்பவர் அந்நியச் செலாவணியை ரிசர்வ் வங்கி அங்கீகரித்தவர்களிடம் மட்டுமே, சட்டம் அனுமதிக்கும் காரியத்துக்கு மட்டுமே வாங்கலாம், விற்கலாம். இதைச் சொல்வது 1999-ஆம் ஆண்டின் ஃபெமா சட்டம். கரன்சி விலை ஏற்ற இறக்கத்தில் ஒப்பந்தம் போட வேண்டுமென்றால் என்எஸ்இ, பிஎஸ்இ போன்ற அங்கீகரிக்கப்பட்ட சந்தைகளில், செபியில் (பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு) பதிவு பெற்ற தரகர் வழியாகச் செய்யலாம். அதற்கும் உங்களுக்கு உண்மையான அந்நியச் செலாவணி வரவோ செலவோ இருக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏற்றுமதி செய்கிறவருக்கு அது பொருந்தும். வீட்டில் உட்கார்ந்து யூரோ ஏறுமா டாலர் இறங்குமா என்று பார்த்துச் சம்பாதிக்க நினைப்பவருக்குப் பொருந்தாது.

‘எல்ஆர்எஸ் திட்டத்தில் வருடத்துக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாமே’ என்று ஏஜெண்டுகள் சொல்வார்கள். தொகை சரிதான். எல்ஆர்எஸ் என்பது தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் திட்டம். ஆனால் வெளிநாட்டுத் தரகரிடம் மார்ஜின் (வர்த்தகத்துக்கான முன்வைப்புத் தொகை) கட்டுவதற்கு அந்தத் திட்டத்தில் அனுமதி கிடையாது. இந்தப் பாதியை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

ஆகவே ஒரு வெளிநாட்டு இணையதளம் உங்களிடம் ரூபாயை யுபிஐ வழியாக வாங்கி டாலராகக் காட்டினால், அதன் லைசென்ஸ் எந்த நாட்டுடையது என்று ஆராய வேண்டிய அவசியமே இல்லை. அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

2. பெயரைத் தேடுங்கள், ஆனால் தேடும் முறை முக்கியம்

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 7 அன்று ஓர் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிட்டது. அப்போது அதில் 34 பெயர்கள். பிறகு பலமுறை நீட்டியிருக்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் தளத்தில் ‘அலர்ட் லிஸ்ட்’ என்று தேடினால் கிடைக்கும். கூடவே அங்கீகரிக்கப்பட்ட மின்னணு வர்த்தகத் தளங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது பட்டியலைத்தான்.

ஏனென்றால் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லை என்றால் அந்த நிறுவனம் நல்லது என்று அர்த்தம் இல்லை. பட்டியல் முழுமையானது அல்ல என்று ரிசர்வ் வங்கியே சொல்கிறது. மோசடிக்காரர்கள் சில மாதத்துக்கு ஒருமுறை பெயரையும் இணைய முகவரியையும் மாற்றிவிடுகிறார்கள். எந்தப் பட்டியலும் அந்த வேகத்துக்கு ஓட முடியாது. அதே மாதிரி, பட்டியலில் இருப்பதெல்லாம் ஒரே ரகமும் அல்ல. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் முறையான உரிமத்தோடு நடக்கும் பெரிய தரகர்களின் பெயர்களும் அதில் உண்டு. அங்கே உரிமம் இருந்தாலும் இங்கே செயல்பட அனுமதி இல்லை என்பதுதான் அதன் பொருள். ‘எங்களுக்கு எஃப்சிஏ லைசென்ஸ் இருக்கிறது சார்’ என்பதற்கு இதுவே போதுமான பதில். எஃப்சிஏ என்பது இங்கிலாந்தின் நிதிக் கட்டுப்பாட்டு அமைப்பு.

விளம்பரத்தைப் பார்த்தும் நம்பிவிட வேண்டாம். முதல் பட்டியலிலேயே இருந்த ஆக்டாஎஃப்எக்ஸ், அதற்கு முந்தைய வருடம்தான் ஒரு ஐபிஎல் அணிக்கு விளம்பரக் கூட்டாளியாக இருந்தது.

லைசென்ஸ் எண்ணைக் காட்டினால் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, வேறொரு நிஜ நிறுவனத்தின் எண்ணைத் தூக்கிப் போட்டுக்கொள்வது. எஃப்சிஏ-யின் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடினால் நிஜ நிறுவனத்தின் இணைய முகவரியும் தொலைபேசியும் வரும். உங்களுக்கு வந்த முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து கூடியிருந்தாலும் வேறு ஆள். இரண்டாவது, ஏதோ தீவு நாட்டுச் சான்றிதழ். செயின்ட் வின்சென்ட் அண்ட் கிரெனடைன்ஸ் என்ற பெயரை நிறையப் பார்ப்பீர்கள். அந்த நாட்டு நிதி ஆணையமே ஃபாரெக்ஸ் தரகுக்குத் தாங்கள் லைசென்ஸ் தருவதில்லை என்று அறிவித்திருக்கிறது. உங்களுக்குக் காட்டுவது வெறும் கம்பெனிப் பதிவுத் தாள்.

இன்னொரு அறிகுறி லெவரேஜ், அதாவது நீங்கள் கட்டும் பணத்தைப் போல எத்தனை மடங்குக்கு வர்த்தகம் செய்ய விடுகிறார்கள் என்பது. ‘ஒன்றுக்கு ஐந்நூறு தருகிறோம்’ என்பதைச் சலுகை மாதிரி சொல்வார்கள். ஐரோப்பியக் கட்டுப்பாட்டு ஆணையம் 2018-இல் முக்கியக் கரன்சிகளுக்கே ஒன்றுக்கு முப்பதுதான் உச்சம் என்று வரம்பு வைத்தது. இந்த வகை வர்த்தகத்தில் சாதாரண வாடிக்கையாளர்களின் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் நஷ்டத்தில் முடிகின்றன என்று அப்போது சொன்னார்கள். நேர்மையான தரகரிடமே கதை இதுதான்.

3. பணம் வாங்கும் கணக்கின் பெயரைப் படியுங்கள்

சித்தப்பாவின் வங்கி ஸ்டேட்மென்ட்டை அச்செடுத்து மேசையில் விரித்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. ‘லண்டன் தரகருக்கு’ என்று அவர் அனுப்பிய பணம் ஒருமுறை ஒரு டயர் கடையின் நடப்புக் கணக்குக்குப் போயிருக்கிறது. அடுத்த முறை ரெடிமேட் துணிக்கடை. அதற்கடுத்து ஏதோ ஒரு தனிநபர். எல்லாமே வேறு வேறு மாநிலக் கிளைகள். ஒவ்வொரு முறையும் ‘பழைய யுபிஐயில் லிமிட் முடிந்துவிட்டது அங்கிள், புதுசு அனுப்புகிறேன்’ என்று ஒரு பெண் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறாள்.

இவை வாடகைக் கணக்குகள். யாரோ ஒருவருக்குச் சில ஆயிரம் கொடுத்து, அவருடைய வங்கிக் கணக்கு, சிம், ஏடிஎம் அட்டை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் பணம் அதில் சில நிமிடங்கள்தான் நிற்கும். அப்புறம் பத்து இருபது கணக்குகளாகப் பிரிந்து, கடைசியில் கிரிப்டோவாகவோ ஏடிஎம்மில் ரொக்கமாகவோ வெளியேறிவிடும்.

பணம் அனுப்பும் முன் யுபிஐ திரையில் வங்கிப் பதிவில் உள்ள பெயர் வரும். அது தரகு நிறுவனத்தின் பெயராக இல்லையென்றால் அனுப்பாதீர்கள். செபியில் பதிவு பெற்ற தரகர்களுக்கு 2025 அக்டோபர் முதல் தனி யுபிஐ முகவரி முறை வந்திருக்கிறது: ‘அட்’ குறிக்குப் பின்னால் ‘வேலிட்’ என்ற சொல்லும் வங்கியின் பெயரும் இருக்கும். அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் குறி தெரியும். ‘செபி செக்’ என்ற வசதியில் தரகரின் வங்கிக் கணக்கையும் யுபிஐயையும் சரிபார்க்கலாம். செலவு எதுவும் இல்லை.

4. ஆப்பில் தெரியும் லாபம் பணம் இல்லை

மெட்டாட்ரேடர் 5 என்பது மெட்டாகுவோட்ஸ் என்ற நிறுவனம் எழுதிய வர்த்தக மென்பொருள். பல ஃபாரெக்ஸ் தரகர்கள் அதைத்தான் இறக்கச் சொல்வார்கள். அது பிளே ஸ்டோரில் இருப்பதால் தரகரும் நல்லவர் என்று நினைத்துவிடுகிறார்கள். மென்பொருள் ஒருவருடையது, உங்கள் கணக்கு இருக்கும் சர்வர் வேறொருவருடையது. அந்த சர்வரை வைத்திருப்பவர் நினைத்தால் உங்கள் திரையில் எந்த எண்ணையும் காட்ட முடியும். 2022 செப்டம்பரில் ஆப்பிள் தன் கடையிலிருந்து மெட்டாட்ரேடரை எடுத்துவிட்டு, 2023 மார்ச்சில் திரும்பச் சேர்த்தது. கடையில் இருக்கிறது, இல்லை என்பதை வைத்து ஒரு தரகரை எடைபோட முடியாது. கடைக்கு வெளியே, வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (ஆப்பை நேரடியாக நிறுவும் கோப்பு) பற்றிச் சொல்லவே வேண்டாம். அதை நிறுவவே கூடாது.

‘கொஞ்சம் போட்டுப் பார்த்தேன், எடுத்தும் பார்த்தேன், வந்துவிட்டது’ என்று பலர் சொல்கிறார்கள். முதலில் ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுப்பார்கள்; பெரிய தொகையைப் போட வைக்க அவர்கள் செய்யும் முதலீடு அது. அந்தச் சிறு தொகை வந்த கணக்கையும் பாருங்கள். அதுவும் வேறொரு பாதிக்கப்பட்டவரின் பணமாக இருக்கலாம். அதனால் வரும் தலைவலியை 9-ஆம் படியில் சொல்கிறேன்.

5. பணம் எடுக்க முடியவில்லையா? இனி ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்

எடுக்கும் கோரிக்கை போட்டவுடன் இந்த மாதிரி ஒரு செய்தி வரும்: ‘உங்கள் லாபத்துக்கு 30 சதவீத வரி நிலுவையில் உள்ளது. 24 மணி நேரத்துக்குள் கட்டினால் முழுத் தொகையும் விடுவிக்கப்படும். இல்லையென்றால் கணக்கு முடக்கப்படும்.’ வரி கட்டினால் அடுத்து பணமோசடித் தடுப்புச் சரிபார்ப்புக் கட்டணம். அதையும் கட்டினால் ‘கணக்கு எண்ணைத் தவறாகக் கொடுத்துவிட்டீர்கள்’ என்று ஒரு டெபாசிட். எங்கள் வீட்டில் பெரிய இழப்பே இந்தக் கட்டத்தில்தான் நடந்தது, ஏற்கெனவே போட்டதை மீட்கும் ஆசையில்.

வரியைத் தரகரிடம் முன்பணமாகக் கட்டச் சொல்லும் முறை நம் நாட்டில் இல்லை. டிடிஎஸ் என்றால் தர வேண்டிய தொகையில் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பிடித்தது உங்கள் பான் எண்ணின் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். மற்ற வரியை நீங்களே வருமான வரித் துறைக்குச் செலானில் கட்டுகிறீர்கள். நடுவில் ஒரு வாட்ஸ்அப் எண்ணுக்கு வேலையே இல்லை.

சண்டை போடாதீர்கள், ‘போலீசுக்குப் போகிறேன்’ என்றும் மிரட்டாதீர்கள். டெலிகிராமில் எதிர்த்தரப்பு நினைத்தால் இரண்டு பக்கத்திலும் உரையாடலை அழித்துவிட முடியும். ‘பணம் ஏற்பாடு செய்கிறேன், நேரம் கொடுங்கள்’ என்று சொல்லிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

6. 1930: வேறெதற்கும் முன்னால் இது

கடைசியாகப் பணம் அனுப்பிச் சில மணி நேரமே ஆகியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதைக்கூட அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் 1930-ஐ அழையுங்கள். மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையத்தின் கீழ் நடக்கும் ஏற்பாடு இது. கட்டணம் இல்லை. நீங்கள் சொல்லும் பரிவர்த்தனை உடனே பெறுநரின் வங்கிக்குப் போகும். அந்தக் கணக்கில் பணம் மிச்சம் இருந்தால் அதைப் பிடித்து வைப்பார்கள். அடுத்த கணக்குக்குப் போயிருந்தால் அங்கேயும் தொடர்வார்கள். பணம் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ வெளியேறும் முன் பிடித்தால்தான் உண்டு. காலையில் பார்த்துக்கொள்ளலாம், மகன் வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட வேண்டாம்.

அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: உங்கள் வங்கியின் பெயர், கணக்கு எண், அனுப்பிய தேதி, நேரம், தொகை, யுடிஆர் எண் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள குறிப்பு எண்), பெறுநரின் யுபிஐ அல்லது கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி. யுபிஐ பரிவர்த்தனைக்கு யுடிஆர் என்பது 12 இலக்க எண். கூகுள் பே, போன்பே எதிலும் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் கிடைக்கும். பலர் இங்கே ஆப்பின் சொந்தக் குறியீட்டை, எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக இருப்பதைச் சொல்லிவிடுகிறார்கள். அது வங்கிக்கு உதவாது. 12 இலக்கம்தான் வேண்டும்.

லைன் கிடைக்கவில்லையா? திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே, இன்னொருவரை வைத்துச் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதியச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே அமைப்புக்குத்தான் போகின்றன. போனில் பதிந்தால் குறுஞ்செய்தியில் ஒப்புகை எண் வரும். 24 மணி நேரத்துக்குள் தளத்தில் முழு விவரத்தையும் நிரப்பி முடித்துவிடுங்கள்.

தளத்தில் நிதி மோசடி என்ற பிரிவைத் தேர்ந்தெடுங்கள். பல தவணையாகப் பணம் அனுப்பியிருந்தால் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் தனித்தனி வரியாகச் சேர்க்க வேண்டும். மொத்தத் தொகையை ஒரே வரியில் போட்டால் மற்ற கணக்குகளைத் தேடவே மாட்டார்கள். அந்த யுடிஆர் எண்கள் அமைப்பில் இல்லை அல்லவா? விவரப் பெட்டியில் எழுத்து வரம்பு உண்டு. அதனால் முதலில் வேறிடத்தில் எழுதிச் சுருக்கி வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். கடைசியில் புகாரின் பிடிஎஃப்பை இறக்கி மூன்று நான்கு பிரதி எடுத்து வையுங்கள். இனி எங்கே போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் வங்கிக்கும் 1799-க்கும், மலேசியாவில் இருப்பவர்கள் 997-க்கும் இதே அவசரத்தோடு அழைக்க வேண்டும்.

‘நாம் செய்ததே ஃபெமாவில் தப்பு, புகார் கொடுத்தால் நாமே மாட்டுவோம்’ என்ற பயம் பலரை வாயடைக்க வைக்கிறது. மோசடிக்காரர்களே இதைச் சொல்லி மிரட்டுவார்கள். ஃபெமாவில் சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடம் உண்டு என்பது உண்மை. ஆனால் நீங்கள் இங்கே சொல்வது உங்களை ஏமாற்றிப் பணம் பறித்தார்கள் என்ற புகார். தொகை பெரிது, அல்லது நீங்களே உறவினர்களையும் சேர்த்துவிட்டிருக்கிறீர்கள் என்றால் காவல் நிலையத்தில் எழுத்து வாக்குமூலம் தரும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். 1930 அழைப்பை மட்டும் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

7. சான்றுகள், அப்புறம் வங்கிக்குக் கடிதம்

அன்றைக்கே செய்ய வேண்டியது. வாட்ஸ்அப்பில் ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்து உரையாடல் முழுவதையும் உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அந்த எண்ணின் சுயவிவரப் பக்கம், டெலிகிராம் குழுவின் பெயர், நிர்வாகிகளின் பயனர் பெயர், தரகர் தளத்தின் முழு முகவரி, உங்கள் கணக்கில் காட்டும் இருப்பு, எடுக்கும் கோரிக்கை மறுக்கப்பட்ட செய்தி, எல்லாவற்றையும் தேதி நேரம் தெரியும்படி படமெடுங்கள். மெட்டாட்ரேடரில் சர்வரின் பெயரும் கணக்கு எண்ணும் தெரியும் பக்கத்தை மறக்காதீர்கள். போனை ரீசெட் செய்யாதீர்கள், ஆப்பை நீக்காதீர்கள். அந்தப் போனே சான்றுதான். மின்னணுச் சான்றுக்குப் பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும், அதை எழுத மூலக் கருவி இருப்பது நல்லது.

எனிடெஸ்க் மாதிரி, உங்கள் போனை வேறிடத்திலிருந்து இயக்க விடும் ஆப் ஏதாவது நிறுவச் சொல்லியிருந்தால் மட்டும் வேறு கதை. இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு போனிலிருந்து நெட் பேங்கிங் கடவுச்சொல்லை மாற்றி, அட்டையை முடக்குங்கள்.

வங்கிக் கிளைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். இரண்டு பிரதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ‘ஆன்லைனில் கொடுத்துவிட்டீர்களே, இங்கே எதற்கு’ என்பார்கள். பரவாயில்லை, முத்திரை வாங்காமல் வராதீர்கள். அதே நேரம் முத்திரையிட்ட ஸ்டேட்மென்ட்டும் கேளுங்கள். முதல் பரிவர்த்தனைக்கு ஒரு மாதம் முன்பிலிருந்து இன்றுவரை. இதற்கு வங்கி சிறு கட்டணம் பிடிக்கலாம்.

மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வங்கி முழுப் பணத்தையும் தரும் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. 2017-இல் ரிசர்வ் வங்கி போட்ட அந்த விதி, உங்கள் அனுமதி இல்லாமல் நடந்த பரிவர்த்தனைக்கானது. நீங்களே பின் எண் போட்டு அனுப்பியதற்கு அதைக் காட்டிப் பணம் கேட்க முடியாது. கிரெடிட் அல்லது டெபிட் அட்டையில் கட்டியிருந்தால் சார்ஜ்பேக் (அட்டைப் பரிவர்த்தனையை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்க வழி உண்டு. அதற்குக் கெடு வழக்கமாக 120 நாள் என்பதால் உடனே படிவம் கொடுத்துவிடுங்கள். புகாருக்கு வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் முறையிடலாம். அதற்கும் கட்டணம் இல்லை.

8. காவல் நிலையம்: அட்டவணையோடு போங்கள்

தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்திலும் மாநகரத்திலும் சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. ஆன்லைன் புகாரோடு நிறுத்திவிடாமல் நேரில் போங்கள். கொண்டுபோக வேண்டியவை: போர்ட்டல் புகார்ப் பிரதி, ஆதார் நகல், முத்திரையிட்ட ஸ்டேட்மென்ட், ஸ்கிரீன்ஷாட்டுகள் அச்சிலும் பென் டிரைவிலும், கையெழுத்திட்ட புகார் மனு.

எல்லாவற்றையும்விட உதவியது ஓர் அட்டவணை. வரிசை எண், தேதி, நேரம், தொகை, எங்கள் கணக்கு, பெறுநர் பெயர், பெறுநர் கணக்கு அல்லது யுபிஐ, யுடிஆர், என்ன சொல்லி வாங்கினார்கள் என்று ஒன்பது கட்டம். கடைசிக் கட்டத்தில் ‘வரி’, ‘சரிபார்ப்புக் கட்டணம்’ என்று ஒரே சொல். அதுவரை எங்கள் கதையைக் கேட்கவே நேரமில்லாமல் இருந்த அதிகாரி, அந்தத் தாளைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். அங்கிருந்துதான் வேலை நகர்ந்தது. மனுவும் அப்படியே இருக்கட்டும்: யார், எப்போது, எந்த எண்ணிலிருந்து, என்ன சொல்லி, எவ்வளவு. இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

முதலில் சிஎஸ்ஆர் ரசீது தருவார்கள். அது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைதான், எஃப்ஐஆர் (முதல் தகவல் அறிக்கை) அல்ல. எஃப்ஐஆர் போடச் சொல்லிக் கேளுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 318-உம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி-யும் இப்படிப்பட்ட மோசடிக்குப் பொருந்துபவை. எஃப்ஐஆர் நகல் புகார்தாரருக்கு இலவசம். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று சொன்னால், எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்ஐஆர் பதியலாம் என்று பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173 சொல்வதை நினைவூட்டுங்கள். பதியவே மறுத்தால் பதிவுத் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம்; அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

கிரிப்டோவில் அனுப்பியவர்கள் அட்டவணையில் இன்னும் மூன்று கட்டம் சேருங்கள்: அனுப்பிய வாலட் (கிரிப்டோக் கணக்கு) முகவரி, பெற்ற வாலட் முகவரி, பரிவர்த்தனை ஹேஷ் (அந்தப் பரிவர்த்தனையின் தனிக் குறியீடு). பெரும்பாலும் டிரான் என்ற கிரிப்டோ வலைப்பின்னலில் யுஎஸ்டிடி என்ற நாணயமாகத்தான் வாங்குகிறார்கள். அந்த நாணயத்தை வெளியிடும் டெதர் நிறுவனத்தால் ஒரு முகவரியை முடக்க முடியும், ஆனால் அது போலீஸ் கேட்டால் நடப்பது. நீங்கள் கிரிப்டோ வாங்கிய எக்ஸ்சேஞ்சுக்கு எஃப்ஐஆர் நகலோடு அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள்.

9. உங்கள் கணக்கே முடங்கினால்

இதை யாரும் முன்பே சொல்வதில்லை. ஆரம்பத்தில் உங்களுக்கு ‘லாபம்’ என்று வந்த அந்தப் பத்தாயிரம், வேறு மாநிலத்தில் ஒருவர் ஏமாந்த பணம் என்றால், அவர் கொடுத்த புகாரின் சங்கிலியில் உங்கள் கணக்கும் வரும். திடீரென்று ஏடிஎம் வேலை செய்யாது. சம்பளமோ பென்ஷனோ வரும் கணக்கு என்றால் குடும்பமே நின்றுபோகும்.

வங்கியிடம் எழுத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தப் புகார் எண், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகைக்கு லியன் (நிறுத்திவைப்பு). முழுக் கணக்கையும் முடக்கியிருந்தால், சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியைத் திறக்கும்படி அந்தக் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். உங்கள் சொந்தப் புகாரின் நகலும் எஃப்ஐஆரும் கூட இருந்தால் நீங்களும் பாதிக்கப்பட்டவர் என்று காட்டலாம். முன்பே புகார் கொடுத்திருக்க வேண்டியதன் இன்னொரு காரணம் இது. ‘கணக்கைத் திறக்க இவ்வளவு அனுப்பு’ என்று போனில் யாராவது கேட்டால் அனுப்பாதீர்கள்.

10. கொடுத்த அடையாள அட்டைகள்

கேஒய்சி என்று ஆதார், பான், செல்ஃபி எல்லாம் கொடுத்திருப்பீர்கள். ஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகாரளிக்கலாம். வருடத்துக்கு ஒரு கிரெடிட் ரிப்போர்ட் இலவசம். எடுத்து, நீங்கள் வாங்காத கடன் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

11. ‘மீட்டுத் தருகிறோம்’ என்று வருபவர்கள்

சில வாரத்தில் அழைப்பு வரும். இழந்த தொகையைத் துல்லியமாகச் சொல்வார்கள். பட்டியல் அவர்கள் கையில் இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலும் அதே கூட்டம்தான் அதை வைத்திருக்கிறது, இல்லை விற்றிருக்கிறது. ரிசர்வ் வங்கி அதிகாரி, இன்டர்போல், பிளாக்செயின் நிபுணர், வெளிநாட்டு வக்கீல் என்று எந்த வேடத்திலும் வரலாம். முன்பணம் கேட்டால் சந்தேகமே வேண்டாம். ரிசர்வ் வங்கி தனிநபரை அழைத்துப் பணம் விடுவிப்பதில்லை. வீடியோ அழைப்பில் சீருடையோடு வந்து ‘டிஜிட்டல் கைது’ என்றாலும் போனை வைத்துவிடுங்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லை. அந்த எண்ணையும் 1930-இல் சொல்லுங்கள்.

இந்தக் கட்டத்தில் வீட்டுப் பெரியவர்களின் போனை யாராவது ஒருவர் கூட இருந்து பார்த்துக்கொள்வது நல்லது. பணம் போன அவமானத்தில் இருப்பவர் மறுபடியும் ரகசியமாகத்தான் பேசுவார். திட்டாமல் இருந்தால்தான் அடுத்த அழைப்பு வந்ததை உங்களிடம் சொல்வார்.

12. பிடித்து வைத்த பணத்தை வாங்குவது

போர்ட்டலில் ஒப்புகை எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். ‘இவ்வளவு தொகை நிறுத்திவைக்கப்பட்டது’ என்று வந்தால் அது தானாக உங்கள் கணக்குக்கு வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். விசாரணை அதிகாரியிடம் எந்த வங்கியில், எந்தக் கணக்கில், எவ்வளவு நிற்கிறது என்ற விவரத்தை வாங்கி, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பிஎன்எஸ்எஸ் 503-இன் கீழ் மனு போட்டு உத்தரவு வாங்குவதுதான் வழக்கமான பாதை. பழைய சிஆர்பிசி-யில் இது 457. சில அலுவலகங்களில் இன்னும் அந்த எண்ணையே சொல்வார்கள்.

மனுவோடு எஃப்ஐஆர் நகல், போர்ட்டல் புகார், ஸ்டேட்மென்ட், அந்த அட்டவணை, உங்கள் கணக்கின் ரத்து செய்த காசோலை, ஆதார் நகல் வேண்டும். நீதிமன்றம் காவல்துறையின் அறிக்கையைக் கேட்கும். பிறகு உத்தரவிடும்போது பிணைப்பத்திரம் எழுதித் தரச் சொல்வதுண்டு. முத்திரைத்தாள், நோட்டரி, நகல் எடுப்பது எல்லாம் சிறு செலவு. வழக்கறிஞர் கட்டணம்தான் பெரிது. பிடிபட்ட தொகை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், உதவி எண் 15100.

உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகல் வாங்கி, பணம் நிற்கும் வங்கிக் கிளைக்கு விசாரணை அதிகாரி வழியாகவும் நீங்களாகவும் அனுப்புங்கள். ஒரே சமயத்தில் மூன்று நான்கு வங்கிகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிதம், ஒவ்வொன்றிலும் அந்தந்த யுடிஆர். எல்லாம் முடிய மாதக்கணக்கில் ஆகும். போன தொகை முழுவதும் வருவது அரிது; எங்களுக்கும் ஒரு பகுதிதான் கிடைத்தது. அதுவும் முதலில் அனுப்பியதிலிருந்து அல்ல, கடைசியாக ‘சரிபார்ப்புக் கட்டணம்’ என்று அனுப்பி, அன்று மாலையே 1930-இல் சொன்னதிலிருந்து. பணம் வந்து சேரும்வரை அந்த வங்கிக் கணக்கை மூடிவிடாதீர்கள், புகாரில் கொடுத்த மொபைல் எண்ணையும் மாற்றாதீர்கள்.